நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதறேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. உன் மாமாவுக்கு முட்டி வலி வழக்கம்போல. வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டார். படியேறும்போது பாதியில நின்னு சுவத்துல இருக்கிற காலண்டரைப் பார்ப்பார், அதை வச்சு நான் புரிஞ்சுக்கணும். குட்டிக்கு இருமல் விட்டுதா? உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷனுக்கு அப்புறம் பார்வை எப்படி இருக்கு?

போன் பண்ணியிருக்கலாம். உன் வீட்ல இருக்கிறதே ரெண்டு அறை, நீ பேசறது அத்தை காதுல விழாம இருக்காது. அதான் கடிதம்.

யார்கிட்ட யாரைப் பத்தி எழுதறேன்னு நினைச்சா பேனா நகர மாட்டேங்குது. உன் வீட்டுக்காரரைக் கொன்னவனும் அவன்தான், நம்ம கூடப் பிறந்த ஒரே தம்பியும் அவன்தான். அவனுக்குத் தூக்குன்னு மேல் கோர்ட்டும் போன வியாழக்கிழமை சொல்லிடுச்சு. நீ கேள்விப்பட்டிருப்பே. இனிமே போறதுக்குக் கோர்ட்டு இல்லையாம். நாட்டுத் தலைவருக்குக் கருணை மனு போடலாம், அவர் மனசு வச்சா ஆயுள் தண்டனையா மாறும், அது ஒண்ணுதான் மிச்சம்னு வக்கீலம்மா சொன்னாங்க. சின்னப் பொண்ணுதான், ஆனா கெட்டி. மனுவோட ஊர் ஜனங்க கையெழுத்தும் சேர்த்து அனுப்பினா நல்லதாம்.

எனக்கு என்ன கஷ்டம்? ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிறவளுக்குக் காகிதத்துக்கா பஞ்சம்? கல்லாப் பக்கத்துல மனுவை வச்சுட்டேன். சர்டிபிகேட் காப்பி எடுக்க வர்றவங்க மிஷின் சூடாகுற நேரத்துல படிச்சுட்டுக் கையெழுத்துப் போடறாங்க.

அம்மா இருந்திருந்தா என்னை வெட்டிப் போட்டிருப்பாங்க. "கேட்காம குடுத்தா சோறு, கேட்டு வாங்கினா பிச்சை"ன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தாங்களே. இன்னொரு கரண்டி வேணும்னாகூட நாம வாயைத் திறந்ததில்லை. தம்பி மட்டும் தட்டு ஓரத்தை விரலால தட்டுவான், அம்மா காதுல விழாத மாதிரி இருந்துட்டு அப்புறம் போடுவாங்க. அந்த வீட்ல வளர்ந்தவ இன்னைக்கு ஊர்ல வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டு நிக்கறேன்.

மனுவுல ஒரு காப்பி இதோட வச்சிருக்கேன். அதிகமா எடுத்தது மிச்சம் இருந்தது. சும்மா படிச்சுப் பார்க்கத்தான்.

குட்டிக்கு முத்தம்.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். குட்டிக்கு இருமல் போச்சு, முன்பல் ரெண்டு விழுந்துடுச்சு. அத்தைக்கு ஒரு கண் நல்லாத் தெரியுது. அந்த ஒரு கண்ணே எல்லாத்தையும் பார்த்துடுது. மாமா முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடு.

பட்டறையில பள்ளிக்கூடம் ஒண்ணுக்குப் பெரிய கேட் ஆர்டர் வந்திருக்கு. அவர் போனதுக்கப்புறம் வந்த முதல் பெரிய வேலை. ரெண்டு ஆளுங்களும் பழைய ஆளுங்கதான், என்னை "முதலாளியம்மா"ன்னு கூப்பிடறாங்க. திரும்பிப் பார்த்துட்டு, அப்புறம்தான் என்னைத்தான்னு தெரியுது. வெல்டிங் நானே பிடிக்கறேன். முதல்ல அங்கங்க புள்ளி வச்சு நிறுத்தி, கோணம் சரியா இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம்தான் முழுசா ஓட்டணும்னு அவர் சொல்லுவார். அவசரப்பட்டா இரும்பு கோணிக்கும். கண் எரியுது, வேற ஒண்ணுமில்லை.

நீ அனுப்பின காகிதம் வந்தது. எழுத்து நல்லாத் தெளிவா விழுந்திருக்கு. புது டோனரா?

உன் தங்கச்சி


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

புது டோனர்தான். உன் கண்ணுக்குத் தப்புமா. கறுப்புக் கண்ணாடி போடாம நெருப்பைப் பார்க்காதே, ரெண்டு கண்ணும் வேணும் உனக்கு. பல் விழுந்த வாயோட குட்டியை ஒரு போட்டோ எடுத்து வை. மாமா ஒத்தடம் குடுத்தா "எதுக்கு இதெல்லாம்"ங்கிறார், ஆனா காலை இழுத்துக்கலை.

கையெழுத்து வேட்டையைப் பத்திச் சொல்றேன், சிரிப்பே. தெருவுக்கு ரோடு போடச் சொல்ற மனுன்னு நினைச்சு ஒருத்தர் குடும்பத்தோட வந்து போட்டாங்க. இல்லைங்க, இது ஒரு உயிருன்னேன். யோசிச்சார். "ரெண்டும்தான் வேணும், எங்க பேரை அடிச்சுடாதீங்க"ன்னுட்டுப் போயிட்டார். மாடி வீட்டு வாத்தியார் எழுத்துப் பிழை எல்லாம் திருத்திக் குடுத்தார், கையெழுத்து மட்டும் போடலை. ஒரு பொம்பளை காகிதத்தை நாலாக் கிழிச்சு என் மேலேயே போட்டாங்க. அவங்க அண்ணனை யாரோ கொன்னுட்டாங்களாம். எனக்குக் கோபமே வரலை. உன் முகம்தான் ஞாபகம் வந்தது.

தம்பியைப் பார்த்துட்டு வந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிக்கறான், விரல் நுனி மட்டும்தான் தொடலாம். மெலிஞ்சுட்டான். வெல்டிங் தீப்பொறி பட்ட தழும்பு கையில அப்படியே இருக்கு. சின்னக்கா எப்படி இருக்கான்னு ஒரு தடவை கேட்டான். அப்புறம் வேற என்னென்னவோ பேசினோம்.

வக்கீலம்மா நேத்து ஒண்ணு சொன்னாங்க. ஆயிரம் பேர் கையெழுத்தை விட, செத்தவங்க வீட்டு ஆள் ஒருத்தர் வார்த்தைக்குத்தான் மேல இருக்கிறவங்க காது குடுப்பாங்களாம். அவங்க வேலை, அவங்க சொல்றாங்க. அது கிடக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கோ.

உன் அக்கா


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

பதில் போட நாளாச்சு. எல்லாரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்கணும்.

மனுவைப் படிச்சேன். "ஈ எறும்புக்கும் தீங்கு நினையாத சாதுவான இளைஞர்"னு ரெண்டாம் பக்கத்துல இருக்கு. அக்கா, பட்டறையில அவர் தலையை என் மடியில நான்தான் வச்சிருந்தேன். ஈ எறும்புன்னு எழுதறதுக்கு முன்னாடி அதை நினைச்சிருக்கலாம்.

அவர் கெட்டவர் இல்லை. கோபக்காரர், அவ்வளவுதான். தம்பி போட்ட மாடிப்படிக் கைப்பிடி கழண்டு வயசானவர் ஒருத்தர் விழுந்து இடுப்பு ஒடிஞ்சது. எந்த முதலாளியா இருந்தாலும் திட்டத்தான் செய்வார். எல்லார் முன்னாடியும் திட்டினார், "நாளையிலிருந்து வராதே"ன்னார். அதுக்கு இரும்புக் குழாயை எடுக்கணுமா?

அத்தை தினமும் காலையில வாசல்ல நாற்காலி போட்டுப் பட்டறைப் பக்கமா உட்கார்ந்துக்கறாங்க. அவங்க பெத்த பிள்ளை. அவங்களுக்குச் சமைச்சுப் போடறது, அவரைக் கொன்னவனோட அக்கா. ஒரு நாள்கூட என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் அக்கா தாங்க முடியலை. இந்த வீட்ல தம்பியோட பேச்சை எடுக்கிறதில்லை.

உன்னை ஒண்ணு கேட்கணும். தீர்ப்பை நீ முழுசாப் படிச்சியா?

உன் தங்கச்சி


மே 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

என்னை மன்னிச்சுக்கோ. அந்த ஈ எறும்பு வரியை எடுத்தாச்சு. வக்கீலம்மாகிட்டச் சண்டை போட்டு எடுக்க வச்சேன். கடையில காப்பி எடுத்தது நான்தானே, கண்ணுல படாமலா இருந்தது? தம்பிங்கிற கண்ணோட படிச்சேன். நீ எந்தக் கண்ணோட படிப்பேன்னு நினைக்கலை. மாப்பிள்ளை நல்லவர்ங்கிறதுல எனக்கு என்னைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. என் கடைக்கு இந்த ஷட்டரைப் போட்டுக் குடுத்தது அவர் கைதானே, தினமும் தூக்கும்போது நினைச்சுக்கறேன்.

தீர்ப்பைப் படிச்சேன். எட்டு செட்டு காப்பி எடுத்தேன், படிக்காம இருப்பேனா. அதுல ஒரு வரிதான் கயிறுன்னு வக்கீலம்மா சிவப்புல கோடு போட்டு வச்சிருக்காங்க. "தன் சகோதரியின் வீட்டில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து" அடிச்சான்னு எழுதியிருக்கு. காலையில திட்டு வாங்கின சூட்டிலேயே அடிச்சிருந்தா தூக்கு வந்திருக்காதாம். நடுவுல சாப்பாடு இருக்கு. வயிறு நிறையச் சாப்பிட்டவனுக்கு என்ன ஆத்திரம், யோசிச்சுத்தான் வந்திருக்கான்னு ஆயிடுச்சு.

நீ அதை நினைச்சு வருத்தப்படறேன்னு தெரியுது. உன்னைக் கூண்டுல ஏத்திக் கேட்டாங்க, நீ உண்மையைச் சொன்னே. வேற என்ன பண்ண முடியும்? அந்த விஷயத்துல உன்னை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. நான் சொல்லவும் விட மாட்டேன்.

அத்தைக்கு என் விசாரிப்பைச் சொல்ல முடிஞ்சா சொல்லு. முடியலைன்னா வேண்டாம்.

உன் அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வெயில் ஜாஸ்தி, கட்டிங் மிஷின் பக்கம் நிக்க முடியலை. குட்டிக்குப் புதுப் பல் முளைக்குது, கோணலா. நேராக்கிடலாம்னு டாக்டர் சொன்னார்.

அந்தச் சாப்பாட்டைப் பத்தி ஒண்ணு. அன்னைக்கு மதியம் அவன் வந்தப்போ

இல்லை, கடிதத்துல எழுதற விஷயம் இல்லை இது.

பள்ளிக்கூட கேட் முடிஞ்சுடுச்சு. பிரைமர் அடிச்சுக் காயப் போட்டிருக்கோம். அடுத்த வாரம் மாட்டறோம். ஒத்தை ஆளா ஒரு விரலால தள்ளினா திறக்கும், அவ்வளவு அழகா ஓடுது. இந்தப் பக்கமா யாராவது வந்தா பார்க்கலாம். வீட்ல இடம் இருக்கு. அத்தை அவங்க மகள் வீட்டுக்குப் பத்து நாள் போறாங்க.

உன் தங்கச்சி


ஜூலை 7

அன்புள்ள தங்கச்சிக்கு,

கேட் நல்லபடியா மாட்டியிருப்பே. போட்டோவாவது அனுப்பு. பார்க்கணும்னு ஆசைதான், மனு வேலையில மூச்சு விட நேரமில்லை. உன் மாமா இப்போ படியில ரெண்டு இடத்துல நின்னு காலண்டரைப் பார்க்கறார்.

மனுவைக் குடுத்துட்டு வந்துட்டோம். நானும் வக்கீலம்மாவும் ராத்திரி முழுக்க ரயில்ல போனோம். கையெழுத்துக் கட்டு ஒரு தலையணை அளவுக்கு இருந்தது, அதையே தலைக்கு வச்சுத் தூங்கினேன். ஆபீஸ்ல ஒரு அதிகாரி, மரியாதையானவர்தான், மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். "இறந்தவரோட மனைவி தரப்புல ஏதாவது இருக்கா?"ன்னார். வக்கீலம்மா என்னைப் பார்த்தாங்க. நான் செருப்பைப் பார்த்தேன். "அவங்க தூரத்துல இருக்காங்க சார்"னேன். "பின்னாடி வந்தாலும் சேர்த்துக்கலாம், முடிவாகிறதுக்கு முன்னாடி வந்தா போதும்"னு சொல்லி முத்திரை குத்திட்டார்.

இதை எதுக்கு எழுதறேன்னா, நடந்ததை எழுதறேன். நீ எதுவும் பண்ணணும்னு இல்லை. அத்தை முகத்துல நீதானே முழிக்கணும், எனக்குத் தெரியாதா.

சாப்பாட்டைப் பத்தி ஏதோ ஆரம்பிச்சு விட்டுட்டே. நீ சோறு போட்டே, அவன் சாப்பிட்டான். அதுக்கு நீ என்ன பண்ணுவே? அதைக் கிளறிக் கிளறி மனசைப் புண்ணாக்கிக்காதே. நான் அதைப் பத்திக் கேட்கவே மாட்டேன், கவலைப்படாதே.

உன் அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். மாமாவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ, காலண்டர் பார்த்தா முட்டி சரியாகாது.

எழுத ஒண்ணும் இல்லை, அதான் எழுதலை. அத்தை ஊர்லேருந்து வந்துட்டாங்க. அவர் போன ரெண்டாம் வருஷத்துத் திதியும் வந்து போச்சு.

போன செவ்வாய்க்கிழமை குட்டியைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு, மாத்துத் துணி ஒரு செட்டு பைக்குள்ள வச்சுட்டுக் கிளம்பினேன். எங்கேன்னு அத்தை கேட்டாங்க. அவங்க வீட்ல கேட்கிற பழக்கம் உண்டு. வெல்டிங் ராடு வாங்கன்னு சொன்னேன். பஸ் ஸ்டாண்டுல உன் ஊர் பஸ் நின்னுட்டிருந்தது. "ஏறுறீங்களாம்மா?"ன்னு கண்டக்டர் கேட்டார். கூட்டமா இருந்தது. அப்புறம் ராடு வாங்கிட்டு வந்துட்டேன். ரெண்டு மாசத்துக்கு வரும்.

மனு என்ன ஆச்சுன்னு எழுது.

உன் தங்கச்சி


செப்டம்பர் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்.

மனுவைத் தள்ளிட்டாங்க. ரெண்டே வரி. வக்கீலம்மா கடைக்கு வந்து, காப்பி எடுக்கிற மாதிரி வரிசையில நின்னு, கையில குடுத்தாங்க. வாயால சொல்ல முடியலையாம். முன்னாடி ஒருத்தர் ரேஷன் கார்டு காப்பி கேட்டுட்டு நின்னார், அவருக்கு எடுத்துக் குடுத்துட்டுத்தான் படிச்சேன். கை அதுபாட்டுக்கு வேலை செஞ்சது.

நாள் குறிச்சிருக்காங்க. அடுத்த மாசம் முதல் வாரம். அதுக்கு முந்தின நாள் வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் பார்க்கலாம். நான் ஒண்ணு. இன்னொரு இடம் இருக்கு. யாரும் இல்லைன்னா உன் மாமாவைக் கூட்டிட்டுப் போவேன்.

பஸ்ல கூட்டம்னு எழுதியிருந்தே. செவ்வாய்க்கிழமைல கூட்டம் இருக்காதேன்னு உன் மாமா சொன்னார். ஏதாவது இருந்திருக்கும்னேன்.

உன் அக்கா


அக்டோபர் 12

தங்கச்சிக்கு,

முடிஞ்சுடுச்சு. பேப்பர்ல பார்த்திருப்பே.

உன் கடிதம் வரும் வரும்னு பார்த்தேன். கடைசியில உன் மாமாதான் வந்தார். சிறையில படி அதிகம், அங்க காலண்டரும் இல்லை. ஒவ்வொரு படியா ஏறினார்.

அன்னைக்கு மட்டும் வலை இல்லாம பார்க்க விட்டாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டேன். குட்டிக்குப் பல் முளைச்சுதான்னு கேட்டான். கோணலா முளைச்சிருக்குடான்னேன். சிரிச்சான். நம்ம வீட்டுப் பல்லுன்னான்.

உன்கிட்ட இத்தனை மாசமா மறைச்ச ஒண்ணை இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. தீர்ப்புக்கு அப்புறம் மார்ச் மாசம் முதல் தடவை பார்த்தப்பவே, "யார்கிட்ட வேணா கையெழுத்துக் கேளு, சின்னக்காகிட்ட மட்டும் எதுவும் கேட்காதே"ன்னு சத்தியம் வாங்கியிருந்தான். அந்தச் சத்தியத்தைத்தான் காப்பாத்தினேன்னு சொன்னா அது பொய். சத்தியம் இல்லைன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். நீயா குடுப்பேன்னு இருந்தேன். ஒவ்வொரு கடிதமா மனுவைக் காட்டிட்டு, தட்டு ஓரத்தைத் தட்டிட்டே உட்கார்ந்திருந்தேன்.

கடைசி நாளும் அதையேதான் கேட்டான். "சின்னக்காகிட்டக் கேட்டியா?" இல்லடான்னேன். "நல்லது. நான் ஒரு தடவை கேட்டேன், அது போதும்"னான். என்ன கேட்டான்னு சொல்லலை. நானும் கேட்கலை.

மறுநாள் அவன் சாமானைத் திரும்ப வாங்கப் போனப்போ, ராத்திரி சாப்பிட்டானான்னு வார்டர்கிட்டக் கேட்டேன். "நிதானமாச் சாப்பிட்டாரும்மா"ன்னார் பாவம், என்னைத் தேத்தறதுக்கு. அந்த வார்த்தையைக் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்துட்டேன்.

உன் மேல கோபம் இல்லைன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கு. என்ன செய்ய.

அக்கா


நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் எப்படி இருக்கீங்க? இதை வழக்கத்துக்குக் கேட்கலை. நிஜமா எப்படி இருக்கேன்னு எழுது.

உன் கடிதம் வந்து பத்து நாளா அரிசி டப்பாவுக்குப் பின்னாடி வச்சிருக்கேன், தினமும் எடுத்துப் படிக்கறேன்.

அன்னைக்கு அவன் சாப்பிடலை அக்கா.

மதியம் வந்தான். உட்கார்ந்தான். சோறு போட்டேன். பிசைஞ்சுட்டே இருந்தான், ஒரு வாய் வைக்கலை. தட்டு ஓரத்தைத் தட்டலை. நிமிர்ந்து என்னைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டான். "அக்கா, நீ மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். வேலையை விட்டு அனுப்ப வேண்டாம்னு சொல்லேன். எனக்கு இதை விட்டா வேற தெரியாது." அவன் வாயால ஒண்ணு கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கூச்சமா இருந்தது அக்கா. பக்கத்து அறையில அத்தை இருந்தாங்க, காதுல விழுந்துடுமேன்னு இருந்தது. "கேட்டு வாங்கினா பிச்சைடா, அம்மா உன்னை இதுக்கா வளர்த்தாங்க, போய்ப் பொறுப்பா வேலையைக் கத்துக்கோ"ன்னேன். அவன் கையைக் கழுவிட்டுப் போயிட்டான். தட்டுல சோறு அப்படியே இருந்தது. அதை நாய்க்கு வச்சுட்டுத் திரும்பறேன், பட்டறையில சத்தம் கேட்குது.

கோர்ட்டுல என்னைக் கேட்டாங்க. மதியம் வீட்டுக்கு வந்தாரா? வந்தான்னேன். சாப்பாடு போட்டீங்களா? போட்டேன்னேன். எவ்வளவு நேரம் இருந்தார்? அரை மணின்னேன். போகலாம்னுட்டாங்க. சாப்பிட்டானான்னு யாரும் கேட்கலை. நான் கூண்டை விட்டு இறங்கும்போது அவன் என்னைப் பார்த்துத் தலையை லேசா ஆட்டினான், வேண்டாம்ங்கிற மாதிரி. நான் சொன்ன வார்த்தை அத்தைக்குத் தெரிஞ்சா எனக்கு அந்த வீட்ல இடம் இருக்காதுன்னு அவனுக்குத் தெரியும். அதுக்காகத்தான் உன்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கான்.

தீர்ப்புல அந்த வரியைப் பார்த்தப்போதான் எனக்கு உறைச்சது. அதனாலதான் படிச்சியான்னு உன்னைக் கேட்டேன். நீ "உண்மையைச் சொன்னே"ன்னு எழுதினே. அப்புறம் நான் எங்கே ஆரம்பிக்கிறது? கேட் பார்க்க வான்னு கூப்பிட்டது உன்கிட்ட இதைச் சொல்லத்தான். பையோட பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் இதுக்குத்தான். பஸ்ல ஆளே இல்லை அக்கா.

மனுவுல கையெழுத்துப் போட்டிருப்பேனான்னு எனக்குத் தெரியாது. அவர் தலை இன்னும் என் மடியில இருக்கு. நீ கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன். ரெண்டாம் தடவை கேட்டிருந்தா அழுதிருப்பேன். மூணாம் தடவை என்ன ஆகியிருக்கும்னு தெரியலை. நீ ஒரு தடவைகூடக் கேட்கலை. நானும் கேட்காம குடுக்கலை. குடுக்கத்தானே அம்மா சொல்லிக் குடுத்தாங்க, அதை மட்டும் மறந்துட்டேன்.

போன வாரம் அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். "இதை அப்பவே சொல்லியிருந்தா, உன் தம்பியாவது இருந்திருப்பானே"ன்னாங்க. என்னைப் போகச் சொல்லலை. போகச் சொல்லியிருந்தா பரவாயில்லைன்னு இருக்கு.

அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேட்கறேன். வாய்விட்டுக் கேட்கறேன். நீ வா. கேட் பார்க்க இல்லை. என்னால தனியா இருக்க முடியலை. கோபத்தோடயே வா.

உன் தங்கச்சி


நவம்பர் 10

தங்கச்சிக்கு,

நிஜமா எப்படி இருக்கேன்னு கேட்டே. தூக்கம் இல்லை. கடையில யாராவது குனிஞ்சு கையெழுத்துப் போட்டா மனசு திக்குங்குது. கல்லாப் பக்கத்துல மனு இருந்த இடத்துல இப்போ பேனா ஸ்டாண்டு வச்சிருக்கேன். மாமாவுக்கு முட்டியில ஊசி போட்டாங்க. வலிச்சுதுன்னு அவரே சொன்னார். வீட்ல இந்த வருஷம் நடந்த ஒரே நல்லது அதுதான்.

உன் கடிதத்தை எடுத்துக்கிட்டு வக்கீலம்மா வீட்டுக்குப் போனேன். இது அப்பவே தெரிஞ்சிருந்தா அவன் பிழைச்சிருப்பானான்னு கேட்கறதுக்கு. மாடி ஏறிட்டேன். உள்ளே விளக்கு எரிஞ்சது, அந்தப் பொண்ணு வேற யாரோட கேஸ் கட்டையோ விரிச்சு வச்சுப் படிச்சுட்டிருந்தது. மணியில விரலை வச்சேன். அழுத்தாம திரும்பி வந்துட்டேன்.

அம்மா சொல்லிக் குடுத்ததை எல்லாம் இனிமே விட்டுடலாம். வேணும்னா கேட்போம், வலிச்சா சொல்வோம். இந்த ஒண்ணை மட்டும் நீயும் நானும் யார்கிட்டயும் கேட்க வேண்டாம்.

சனிக்கிழமை காலை பஸ்ல வரேன். பை கனமா இருக்கும், நீ ஸ்டாண்டுக்கு வந்து நில்லு. என்ன சமைக்கட்டும்னு யோசிக்காதே. பசிச்சா நானே கேட்கறேன்.

உன் அக்கா